மூட்டையைத் தூக்கியது கை, வலித்தது நெஞ்சுக்குழி

பாரம் தூக்கியவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. தோள் கடுத்தாலும் கேட்பதில்லை. விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிந்து இறங்குகிற இடத்தில், தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழியில் ‘சுருக்’ என்று ஒரு வலி வந்தால்தான் எல்லாரும் விழிக்கிறார்கள். மூட்டை அந்த இடத்தைத் தொடவே இல்லையே, அங்கே ஏன் வலிக்க வேண்டும்?

திருத்தங்கலில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். சிவகாசியை ஒட்டிய ஊர். 2021-ல் சிவகாசி மாநகராட்சி ஆனபோது அதோடு சேர்ந்துவிட்டது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று இந்த வட்டாரத்தின் மூன்று தொழில்களிலும் யாராவது எதையாவது தூக்கிக்கொண்டே இருக்கிறார்கள். காகித ரீம், அட்டைக் கட்டு, காலண்டர் பண்டல், வெடியுப்பு மூட்டை, தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் லாரி லாரியாக ஏறும் பட்டாசுப் பெட்டி. இயந்திரத்தில் அச்சடிக்கிறோம். அந்த இயந்திரத்துக்குக் காகிதத்தை ஓர் ஆள்தான் சுமந்துகொண்டு போகிறார்.

அப்படி ஒருவர் நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், நோயின் பெயர் டீக்கடையிலேயே முடிவாகிவிடும். “மூச்சுப் பிடிச்சிருக்கு அண்ணாச்சி, சூடத்தை எண்ணெயில போட்டுத் தேய்ங்க” என்பார் ஒருவர். “குடல் ஏறிருச்சு, நீவி விடணும்” என்பார் இன்னொருவர். தொப்புள் விலகிவிட்டது என்று ஒரு கட்சி. “வாயுதாய்யா, ஒரு சோடா குடிச்சா ஏப்பத்துல போயிரும்” என்று ஒரு பெரிய கட்சி. இந்தக் கட்சிகளைச் சிரித்து ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு, உண்மைக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஒன்று மட்டும் ஆளைக் கொன்றுவிடக்கூடியது. அது எது என்று பார்ப்பதற்கு முன்னால், தூக்கும் அந்த இரண்டு விநாடியில் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மூச்சை அடக்கும் விநாடி

கனமான எதையாவது தூக்கப்போகும் யாரையும் கவனியுங்கள். குனிவார், பிடி பார்ப்பார், மூச்சை இழுப்பார். பிறகு அதை வெளியே விடாமல் அடக்கிக்கொண்டு ‘ம்ம்’ என்று தூக்குவார். யாரும் சொல்லித் தந்ததில்லை; உடம்பே செய்துகொள்கிறது.

மூச்சை அடக்கி முக்கும் இந்தச் செயலுக்கு மருத்துவத்தில் வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். 1704-ல் காதைப் பற்றி அவர் எழுதிய நூலில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு முக்கினால் நடுக்காதிலுள்ள சீழ் வெளியேறும் என்று சொன்னார். காதுக்குச் சொன்ன வைத்தியம், முந்நூறு ஆண்டு கழித்துச் சுமை தூக்குவதை விளக்கப் பயன்படுகிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்த கூரைபோல ஒரு தசை இருக்கிறது. அதை உதரவிதானம் என்கிறோம். மூச்சை இழுத்தால் அது கீழே இறங்கும். அப்படி இறங்கிய நிலையில் தொண்டையை மூடிவிட்டு, முன்வயிற்றுத் தசைகளையும் இறுக்கினால் வயிற்றுக்குள் இருப்பவை ஒதுங்க இடமில்லை. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பு, முன்னால் வயிற்றுச் சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இதை வயிற்றக அழுத்தம் என்று சொல்லிக்கொள்வோம். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச மில்லிமீட்டரில் இதையும் அளக்கிறார்கள். சும்மா படுத்திருக்கும்போது 5, 6 என்ற அளவில் இருக்கும். நின்றபடி பலமாக இருமினால் 100-ஐத் தொடும். பளுதூக்கும் வீரர்களிடம் 200-க்கு மேலும் போகிறது.

எதற்காக இவ்வளவு அழுத்தம்? குனிந்த முதுகெலும்புக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு முட்டுக் கொடுப்பதற்கு. 1957-ல் பார்ட்டலிங்க் என்ற ஆய்வாளர் இதை எழுதியபோது, இந்த முட்டு முதுகின் சுமையில் பெரும் பகுதியைத் தாங்கிவிடும் என்ற நம்பிக்கை பரவியது. பிற்பாடு அந்த நம்பிக்கை கொஞ்சம் இறங்கியது. முதுகைத் தளராமல் விறைப்பாக நிறுத்துவதுதான் அழுத்தத்தின் முக்கிய வேலை, சுமையைக் குறைப்பது அதற்கு அடுத்ததுதான் என்பது இப்போது பலரின் கருத்து. எப்படியானாலும், பாரம் தூக்கும்போது வயிறு சும்மா இருப்பதில்லை. முதுகுக்குச் சமமாக அதுவும் உழைக்கிறது.

இரண்டு ரீம் காகிதத்தின் கணக்கு

எண்களோடு பார்த்தால் இது இன்னும் தெளியும். அச்சகத்தில் தினமும் புரளும் டபுள் டெம்மி தாளை எடுத்துக்கொள்வோம். 23 அங்குலம் அகலம், 36 அங்குலம் நீளம். 60 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 60 கிராம் எடை. இந்தத் தாளின் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு தாள் 32 கிராம். 500 தாள் கொண்ட ரீம் 16 கிலோ. ஒரே தூக்கில் இரண்டு ரீம் எடுப்பது சாதாரணம். ஆக, 32 கிலோ.

ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ என்னும்போது 32 என்ன பெரிது என்று தோன்றலாம். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எடையோடு, அது முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பெருக்க வேண்டும். தரையில் படுத்திருக்கும் ரீமைக் கிடைமட்டமாகவே எடுத்து வயிற்றோடு அணைத்தாலும், 58 சென்டிமீட்டர் அகலத் தாளின் நடுப்பகுதி வயிற்றிலிருந்து 29 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். வயிற்றுக்கும் முதுகெலும்புக்கும் இடையே ஒரு 16 சென்டிமீட்டர் சேர்த்தால் 45. முப்பத்திரண்டை 45-ஆல் பெருக்கினால் 1,440. தூக்குபவர் 60 கிலோ ஆள் என்றால் இடுப்புக்கு மேற்பட்ட உடம்பே சுமார் 35 கிலோ; குனியும்போது அதுவும் ஒரு 20 சென்டிமீட்டர் முன்னால் தொங்கும். அது ஒரு 700. மொத்தம் 2,140.

இதை எதிர்த்து இழுக்க வேண்டிய முதுகுத் தசையோ முதுகெலும்புக்குப் பின்னால் வெறும் 5 சென்டிமீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனவே 2,140-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். அந்தத் தசை இழுக்கும் விசை 428 கிலோ எடைக்குச் சமம். கையில் இருப்பது 32 கிலோதான்.

இப்போது அதே ரீமை நிமிர்த்தி, தாளின் பரந்த பக்கம் மார்போடு ஒட்டும்படி பிடித்தால்? இரண்டு ரீம் அடுக்கின் கனம் எட்டொன்பது சென்டிமீட்டர்தான். அதன் நடுப்பகுதி முதுகெலும்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். முழங்காலை மடக்கி, முதுகை அதிகம் குனியாமல் எழுந்தால் உடம்பின் முன்தொங்கலும் 10 சென்டிமீட்டராகக் குறையும். எண்ணூறும் முந்நூற்றைம்பதும் சேர்ந்து 1,150. ஐந்தால் வகுத்தால் 230 கிலோ. சுமை மாறவில்லை. முதுகு இழுக்க வேண்டியது பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அனுபவமுள்ள லோடுமேன்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டதில்லை. ஆனால் அவர்கள் சுமையைக் கையில் வைத்திருப்பதே இல்லை. முடிந்தவரை சீக்கிரம் தோளுக்கோ, சும்மாட்டுத் தலைக்கோ ஏற்றிவிடுகிறார்கள். அங்கே முன்தூரம் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே தலையில் சுமையோடு நடந்து போகும் நேரம் அவ்வளவு மோசமில்லை. தரையிலிருந்து எடுத்துத் தோளுக்குக் கொண்டுவரும் அந்த இரண்டு விநாடிதான் வினை.

அந்த இரண்டு விநாடியில் வயிற்றக அழுத்தம் 100 மில்லிமீட்டருக்கு ஏறியதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 136 கிராம் தள்ளுதல் என்று அதற்குப் பொருள். உதரவிதானத்தின் பரப்பை 250 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதை அடியிலிருந்து மேலே தள்ளும் விசை 34 கிலோ. கை 32 கிலோவைத் தூக்க, வயிறு கிட்டத்தட்ட அதே அளவு பாரத்தை உதரவிதானத்தின் அடியில் கொடுத்துத் தள்ளுகிறது. உதரவிதானமும் வயிற்றுத் தசையும் விலா எலும்பும் வந்து கூடும் இடம்தான் நெஞ்சுக்குழி. மூட்டை அங்கே தொடவில்லை என்றோமே, உள்ளிருந்து தொட்டிருக்கிறது.

சுவரா, சுவருக்குள்ளா?

நெஞ்சுக்குழி வலியோடு வருபவரிடம் நல்ல மருத்துவர் முதலில் தேடுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். வலி வயிற்றுச் சுவரில் இருக்கிறதா, சுவருக்குள்ளே இருக்கும் உறுப்பில் இருக்கிறதா? இதற்கு ஸ்கேன் வேண்டாம், ஒரு விரல் போதும். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிய சோதனை இது. நோயாளி மல்லாந்து படுக்க வேண்டும். வலிக்கும் புள்ளியை மருத்துவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்படியே தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொல்வார். தூக்கியதும் முன்வயிற்றுத் தசை விறைக்கும். உள்ளுறுப்பில் நோவு என்றால், விறைத்த தசை விரலைத் தடுத்துவிடும், வலி குறையும். தசையிலேயே நோவு என்றால் வலி கூடும்.

நூறு வருடமாகியும் இந்தச் சோதனையை ஓரங்கட்ட ஆள் வரவில்லை. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: இது மருத்துவர் மற்ற எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கிற சோதனை. வீட்டில் பாயைப் போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு ‘சதைதான்’ என்று தூங்கப் போவதற்கில்லை.

சுவரில் வரும் நோவுகள்

பாரம் தூக்கிய உடனே வந்து, அசைந்தால் கூடி, அசையாமல் இருந்தால் அடங்கும் வலி பெரும்பாலும் தசைப் பிடிப்புதான். முன்வயிற்றில் இரண்டு பட்டைகளாக ஓடும் தசை மேலே ஐந்தாவது முதல் ஏழாவது விலாக் குருத்தெலும்புவரை போய் ஒட்டுகிறது. மூச்சை அடக்கி முக்கும்போது அது பலமாக இழுபட்டு, நார்கள் நுணுக்கமாகக் கிழியலாம். இருமினால், தும்மினால், படுக்கையிலிருந்து நேராக எழுந்தால் வலி ‘சுளீர்’ என்னும். ஆழமாக மூச்சிழுக்க முடியாது. டீக்கடையில் மூச்சுப் பிடிப்பு என்றவர் ஏறக்குறைய சரியாகத்தான் சொன்னார். சூடத்தைக் குழைத்த எண்ணெய்ச் சூடு தோலுக்கு இதமாக இருக்கும், அதில் குற்றமில்லை. குணமாக்குவது இரண்டு மூன்று வாரமும், அந்த நாட்களில் மறுபடி தூக்காமல் இருப்பதும். தினக்கூலி ஆளிடம் மூன்று வாரம் தூக்காதே என்று சொல்வது எளிது என்று நான் நினைக்கவில்லை.

விலா எலும்பும் தொந்தரவு தரலாம். எட்டு, ஒன்பது, பத்தாவது விலாக்கள் மார்பெலும்பை நேரடியாகத் தொடுவதில்லை; மேலே உள்ள குருத்தெலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த ஒட்டு தளர்ந்தால், குனிந்து திரும்பும்போது ஒரு விலா நுனி மற்றொன்றின் அடியில் நழுவி நரம்பைக் கிள்ளும். ‘டக்’ என்று சத்தம் கேட்டது என்றே சிலர் சொல்வார்கள். 1919-ல் சிரியாக்ஸ் என்பவர் விவரித்த கோளாறு. ஈரல் ஸ்கேன், பித்தப்பை ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்து எதுவும் இல்லை என்று திரும்புகிறவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதுதான். நடு முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கினாலும் அங்கிருந்து முன்னால் சுற்றிவரும் நரம்பு வழியாக வலி நெஞ்சுக்குழிக்கு வந்து சேரும். முதுகும் சேர்ந்து வலித்தால், அல்லது வலி ஒட்டியாணம் கட்டும் தடத்தில் முதுகிலிருந்து முன்னால் ஓடினால் அங்கே பார்க்க வேண்டும்.

சுவரில் வருபவற்றில் நான் நின்று பேச விரும்புவது ஒன்றைப் பற்றி. வயிற்றின் இரண்டு தசைப் பட்டைகளுக்கும் நடுவே மார்பெலும்பின் நுனியிலிருந்து கீழ்வரை ஒரு வெளுத்த நார்க்கோடு ஓடுகிறது. அதை வெண்கோடு என்போம். தசை இல்லை, வெறும் பின்னிய நார். சிலருக்கு அந்தப் பின்னலில் சிறு இடைவெளிகள் இருக்கும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, இடைவெளி வழியாக உள்கொழுப்பு கொஞ்சம் வெளியே பிதுங்குகிறது. டயர் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப் புடைத்துக்கொண்டு வருவதை எல்லாரும் பார்த்திருப்போம்; அதே கதைதான். இதற்கு மேல்வயிற்றுக் குடலிறக்கம் என்று பெயர், ஆனால் வெளியே வருவது பெரும்பாலும் குடல் அல்ல, கொழுப்பு.

ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையில் நம் 100 மில்லிமீட்டர் அழுத்தம் தள்ளுவது சுமார் 107 கிராம் விசைதான். அதே துளை இரண்டு சென்டிமீட்டராக விரிந்தால் 427 கிராம். விட்டம் இரட்டித்தால் தள்ளுதல் நான்கு மடங்கு. துளை பெரிதாகும் வேகம் ஏன் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. சின்னத் துளையும் சாதுவல்ல. அதில் மாட்டிய பட்டாணி அளவு கொழுப்பு நெரிபட்டு, அளவுக்கு மீறிய வலி தரும். பெரிய ஓட்டையில் வருவது போய்வந்து கொண்டிருக்கும். சிறிய ஓட்டையில் வருவதுதான் சிக்கிக்கொள்ளும்.

பாரம் தூக்கினால் குடலிறக்கம் வந்துவிடும் என்று ஊரில் சொல்வது பாதி உண்மை. ஓட்டைக்கு இடம் கொடுப்பது நாரின் பலவீனம். அது பிறவியிலும் வயதிலும் புகையிலும் வருவது. தூக்கும் சுமை அதை வெளிப்படுத்துகிறது. நின்றபடி இருமினாலும் அழுத்தம் 100 வரை போகும் என்று மேலே பார்த்தோம். பீடி இருமலோடு ஒரு நாளைக்கு எத்தனை முறை இருமுகிறோம், எத்தனை முறை மூட்டை தூக்குகிறோம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால், பழியை மூட்டை மீது மட்டும் போட முடியாது.

பிரசவத்தில் வெண்கோடு அகன்று, பழையபடி சேராமலே இருந்துவிடும் பெண்கள் நிறைய. எழுந்து உட்காரும்போது வயிற்றின் நடுவில் ஒரு மேடு நீளவாக்கில் எழும்பும். இது ஓட்டை அல்ல, தளர்வு. கோடையில் தண்ணீருக்குக் குடம் சுமப்பவர்களும் தீப்பெட்டிக் கட்டு சுமப்பவர்களும் பெண்களே. பதினைந்து லிட்டர் தண்ணீர், குடத்தையும் சேர்த்தால் 16 கிலோ, அதாவது நம் ஒரு ரீம். அதை இடுப்பின் ஒரு பக்கத்தில் வைக்கும்போது முதுகும் வயிறும் கோணலாக இழுபடுகின்றன. ஆண்களின் மூட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் குடத்தைக் கணக்கில் எடுத்துப் பார்த்ததில்லை.

“குடல் ஏறிருச்சு, நீவி விடணும்” என்ற கட்சியிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் தசைப் பிடிப்பில் நீவுவதால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கையில் தட்டுப்படும் ஒரு கட்டி இருந்து, அது படுத்தாலும் உள்ளே போகாமல், தொட்டால் கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால் அதை நீவக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அன்றைக்கே.

சுவருக்குள்ளிருந்து

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாதாரணமாக அது 10 முதல் 30 மில்லிமீட்டர் அழுத்தத்தில் மூடியிருக்கும். வயிற்றக அழுத்தம் 100-க்கு ஏறும்போது அந்த வளையம் எப்படித் தாங்குகிறது? உதரவிதானமும் அதே இடத்தில் குழாயை இறுக்கிப் பிடித்து உதவுகிறது. அந்தப் பிடி தளர்ந்தவர்களுக்கு, இரைப்பையின் மேல்நுனி நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டவர்களுக்கு, குனிந்து தூக்கியதும் அமிலம் மேலே வரும். மத்தியானம் சாப்பாட்டை முடித்த கையோடு லாரிக்கு லோடு ஏற்றப் போனால் நெஞ்சுக்குழி எரிவதும் புளித்த ஏப்பம் வருவதும் இதனால். சோடாக் கட்சிக்கு இந்த இடத்தில் ஒரு சின்ன ஆறுதல்: வாயு வெளியேறினால் உப்புசம் கொஞ்சம் குறையும்தான். அடுத்த குனிவில் அமிலமும் சேர்ந்து ஏறும் என்பது வேறு.

சுமை தூக்குபவர்களின் மேல்வயிற்று வலிக்கு எனக்கு அதிகம் சந்தேகம் தருவது சுமை அல்ல, மாத்திரை. முதுகு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரை, மாலையில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் உடம்பில் வலியை எழுப்பும் ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்த ஜான் வேன், 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் உள்தோலை அமிலத்திடமிருந்து காப்பதும் அதே பொருள்தான். முதுகில் அதைத் தடுத்தால் வயிற்றிலும் தடைபடும். உள்தோல் அரித்துப் புண் விழும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம் என்றாலும், சாப்பிட்டுவிட்டுப் போடுவதாலேயே தப்பிவிட முடியாது. மாத்திரை ரத்தத்தின் வழியாகவும் வேலை செய்கிறது.

இப்படிப் புண் உள்ள ஒருவருக்குச் சுமை தூக்கும்போது வலி தோன்றினால், காரணம் அன்றைய சுமையில் இல்லை. வாரக்கணக்கில் புண் இருந்திருக்கும். புண் ஓட்டையாகிவிட்டால் கதை வேறு: திடீரென்று தாங்க முடியாத வலி, வயிறு முழுதும் விறைத்துக் கல்லாகிவிடும், அசையவே பயந்து சுருண்டு கிடப்பார். கறுத்த மலம் போனாலும் அவசரம்தான். பித்தப்பைக் கல்லும், குடியால் வரும் கணைய அழற்சியும் இதே இடத்தில் வலிக்கும். அவற்றுக்கும் மூட்டைக்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு மூட்டை தூக்கியது தற்செயல். தினமும் மூட்டை தூக்குகிறவருக்கு எந்த வலி வந்தாலும் அது மூட்டை தூக்கிய அன்றைக்குத்தானே வரும்!

எல்லாம் ஏன் ஒரே இடத்தில்?

விரலில் முள் குத்தினால் எந்த விரல், எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். உள்ளுறுப்புகளுக்கு அந்தத் துல்லியம் இல்லை. கருவில் ஒரே குழலின் முற்பகுதியிலிருந்து வளர்ந்தவை இரைப்பை, ஈரல், பித்தப்பை, கணையம், சிறுகுடலின் தொடக்கம். அவற்றின் நரம்புகள் எல்லாம் முதுகுத்தண்டில் கிட்டத்தட்ட ஒரே அடுக்குகளில் போய்ச் சேர்கின்றன. அந்த அடுக்குகளுக்கு நெஞ்சுக்குழித் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் செய்தி வருகிறது. மூளைக்கு வாழ்நாள் முழுதும் பழக்கமான முகவரி தோல்தான். ஆகவே எந்த உறுப்பிலிருந்து செய்தி வந்தாலும் நெஞ்சுக்குழி என்றே பதிந்துகொள்கிறது.

இதயத்தின் நரம்புகள் சேரும் அடுக்குகள் இவற்றுக்குச் சற்று மேலே இருக்கின்றன. ஓரம் தொட்டுக் கலக்கின்றன. மேலும் இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேலேயே சாய்ந்து கிடக்கிறது. அந்த அடிச்சுவருக்கு ரத்தம் நின்றுபோனால், நெஞ்சு வலிக்காமல் நெஞ்சுக்குழி மட்டும் வலிப்பது உண்டு. குமட்டலும் ஏப்பமும் சேர்ந்து வரும். பார்ப்பவருக்கும் படுபவருக்கும் அது அஜீரணமாகவே தெரியும்.

சோடா குடிக்கும் நேரம்

ஆளைக் கொல்லக்கூடிய கட்சி என்று முதலில் சொன்னது இதைத்தான்.

மூச்சடக்கித் தூக்கும்போது இதயம் படும் பாட்டை 1985-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெக்டூகலும் குழுவினரும் அளந்தார்கள். கைத் தமனிக்குள்ளேயே குழாயைச் செருகி, உடற்பயிற்சி வீரர்களைக் காலால் பெரும் பாரத்தைத் தள்ளச் செய்தார்கள். ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை எழும்பியது. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. சில விநாடிகளுக்குத்தான். ஆரோக்கியமான குழாய் தாங்கும். கொழுப்பு படிந்து குறுகிய இதயக் குழாய் தாங்கும் என்று சொல்வதற்கில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்? தினமும் தூக்குகிற லோடுமேனுக்குத்தான் என்று தோன்றும். 1993-ல் மிட்டில்மனும் சகாக்களும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. கடும் உடலுழைப்பு செய்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மொத்தத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடுமையாக உழைத்துப் பழகியவர்களுக்கு அது இரண்டரை மடங்கோடு நின்றது. உழைத்தே பழகாதவர்களுக்கு நூறு மடங்கைத் தாண்டியது. வருஷம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, தீபாவளிக்கு ஆள் பற்றாக்குறையில் பத்துப் பெட்டியைத் தானே தூக்கி அடுக்கும் ஐம்பது வயதுக் கடைக்காரரை இந்த ஆய்வு நேரே பார்த்துப் பேசுகிறது. அவருக்குச் சர்க்கரையும் இருந்தால், நரம்புகள் மரத்து, நெஞ்சுவலி மங்கலாகவே தெரியும்.

அவர் உட்காருகிறார். யாரோ சோடா வாங்கி வருகிறார்கள். குடிக்கிறார், ஏப்பம் விடுகிறார், வலி குறைகிறது. “பார்த்தீங்களா, வாயுதான்!” வலியைக் குறைத்தது சோடாவா? இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் வலி, வேலையை நிறுத்தி உட்கார்ந்தால் சில நிமிடங்களில் தணியக்கூடியது. ஒரு சோடாவை வாங்கிவந்து உடைத்துக் குடித்து முடிக்கவும் அதே சில நிமிடம்தான் ஆகிறது. சோடாவுக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் கணிசமானவை உட்கார்ந்ததற்குக் கிடைக்க வேண்டியவை என்பது என் சந்தேகம்.

ஆகவே, நெஞ்சுக்குழி வலியோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், தாடைக்கோ இடக்கைக்கோ முதுகுக்கோ வலி பரவினால், கண்ணை இருட்டிக்கொண்டு வந்தால், அழுத்திப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு இசிஜி எடுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுப்பார்கள்; அதற்குக் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் 1991-ல் திருத்திய கணக்கு முறை, எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்குகிறது. கணுக்காலிலிருந்து கை 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் அது. ஐம்பது சென்டிமீட்டர் தள்ளினால் பாதியாகி 11.5. தரையிலிருந்து எடுத்தால், உடம்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். நம் இரண்டு ரீம் இந்தக் கணக்கில் எங்கேயும் அடங்காது. இந்தியாவின் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தன் 34-வது பிரிவில், காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனத்தைத் தொழிலாளியைத் தூக்கவைக்கக் கூடாது என்றது. நல்ல வாசகம்தான். ஆனால் ரீம் கட்டைத் தரையில் அடுக்காமல் முழங்கால் உயரப் பலகைமேல் அடுக்கினால் அந்தக் குனிவில் பாதி குறையும். அந்தப் பலகையை வாங்கிப் போட எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; முதலாளி மனது வைத்தால் போதும்.

ஸ்கேன் அறையில் சொல்ல வேண்டியது

இரண்டு மூன்று வாரம் தூக்காமல் இருந்தும் வலி போகவில்லை, அல்லது திரும்பத் திரும்ப அதே புள்ளியில் வருகிறது என்றால் மருத்துவர் வயிற்று ஸ்கேன் எழுதித் தருவார். ஸ்கேன் அறையில் நம்மைப் படுக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். படுத்தால் வயிற்றக அழுத்தம் 5, 6-க்கு இறங்கிவிடும். பிதுங்கிய கொழுப்பு துளைக்குள் திரும்பிப் போய்விடும். அறிக்கையில் ‘இயல்பு’ என்று வரும், வலி அப்படியே இருக்கும். அதனால் வலிக்கும் புள்ளியை விரலால் காட்டி, “பாரம் தூக்கும்போது இங்கதான் வலிக்குது சார், முக்கச் சொல்லிப் பாருங்க, நிக்க வெச்சும் பாருங்க” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கி முக்கிய அந்த நொடியில் வெண்கோட்டில் ஓட்டை இருந்தால், திரையில் அது திறப்பது தெரிந்துவிடும்.